நாளைக்கென ஒதுக்கிய சம்பளம்

(கொழும்பு வெள்ளவத்தையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



தொழிலாளரின் சம்பளமும் ஓய்வுக்காலச் சேமிப்பும் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இன்று ஹெவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் எழுந்து நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியது. 1933 இல் அங்கு கூலியைக் குறைத்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கேரளத்திலிருந்து வந்தவர்கள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1935 இல், அந்த அணியினர் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

1947 ஜூன் 5 ஆம் திகதி, சம்பளத்துக்கும் தொழிற்சங்க உரிமைக்குமான பொது வேலைநிறுத்தத்தின்போது, ஊர்வலத்தின் மீது பொலிஸார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞர் வி. கந்தசாமி உயிரிழந்தார். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் அவர் பெயர் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அவர் ஒரு தமிழர் என்பதும், அவருக்காகத் திரண்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த உரையின் மையக் கருத்து ஒன்றே. ஊழியர் சேமலாப நிதியில் சேரும் பணம், உழைத்த மாதத்தில் கையில் தராமல் முதுமைக்கென ஒதுக்கிவைத்த சம்பளம். அது அரசு தரும் சலுகையும் இல்லை, முதலாளி காட்டும் கருணையும் இல்லை. எனவே சம்பளக் கொள்கையையும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கொள்கையையும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது பிழை. ஆனால் இலங்கையில் அரசுகள் அவற்றைப் பிரித்தே கையாண்டு வந்திருக்கின்றன. சம்பளத்தை முதலாளிக்குச் செலவாகவும், சேமலாப நிதியை அரசுக்குக் கடன் தரும் பெட்டியாகவும் பார்த்தார்கள். இரண்டு பக்கத்திலும் நட்டப்பட்டவர் தொழிலாளி. இதை ஆறு குறிப்புகளாக விரித்துரைக்கலாம்.

1. சட்டங்கள் வந்த வழி

கூலிக்கு ஒரு கீழ்மட்டம் வேண்டும் என்பதை இந்த நாட்டுச் சட்டம் முதலில் ஏற்றது தோட்டத் தொழிலாளர் விடயத்தில். 1927 இன் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் அது. 1941 இல் சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தொழில் துறைக்கும் முதலாளிமார், தொழிலாளர், அரசு என்ற முத்தரப்பும் உட்கார்ந்து சம்பளம் தீர்மானிக்கும் முறை அதன் வழியே உருவானது. 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் காலி வீதிக் கடைகளுக்கும் செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் வேலை நேரத்தையும் விடுமுறையையும் கொண்டுவந்தது.

1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதியம் பிறந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசில் தொழில் அமைச்சராக இருந்த டி. பி. இலங்கரத்ன அதை முன்னின்று நிறைவேற்றினார். அதுவரை அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாந்த ஓய்வூதியம் இருந்தது. தனியார் துறையில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வயது போனபின் பிள்ளைகளே கதி. தொடக்கத்தில் தொழிலாளியின் பங்கு 4 வீதம், முதலாளியின் பங்கு 6 வீதம். அவை படிப்படியாக உயர்ந்து இன்று 8 வீதமும் 12 வீதமுமாக நிற்கின்றன.

1980 ஜூலையில் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் நாற்பதாயிரம் பேர் வரை வேலையை இழந்தார்கள். அதே ஆண்டில்தான் ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டமும் நிறைவேறியது. முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்தும் நிதியம் அது. 1983 இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. ஒரு கையால் சம்பளக் கோரிக்கையை நசுக்கி மறு கையால் சேமிப்பைக் கூட்டிய அந்த ஆண்டுகளிலேயே இரண்டு கொள்கைகளும் பிரிந்துபோனதைக் காணலாம்.

2. சம்பளச் சீட்டின் இரண்டாவது வரி

தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016 இல் வந்தபோது மாதச் சம்பளத்தின் கீழ்மட்டம் 10,000 ரூபாய். 2021 இல் 12,500. 2024 இல் 17,500. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரி முதல் 30,000. விலைவாசி தாண்டவமாடிய 2022 ஆம் ஆண்டு முழுவதும் சட்டம் சொன்ன தொகை 12,500 ரூபாய்தான். அந்தத் தொகையில் சேமலாப நிதிக்குச் சேர வேண்டிய 20 வீதம் 2,500 ரூபாய். இன்றைய 30,000 ரூபாயில் அது 6,000. இன்று ஓய்வு பெறுபவரின் கணக்கு, அந்தக் குறைந்த சம்பள ஆண்டுகளில் கட்டப்பட்டது.

2025 இன் திருத்தம் ஒரு நல்ல வேலை செய்தது. 2005 இலும் 2016 இலும் தனியாகக் கொடுக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட நிவாரணப் படிகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தது. ஆனால் கொழும்புக் கடைகளிலும் கம்பனிகளிலும் படிகள் முளைப்பது நிற்கவில்லை.

ஒரு சம்பளச் சீட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் ஒருவருக்கு மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியில் அடிப்படைச் சம்பளம் 30,000. இரண்டாவது வரியில் விசேட படி 20,000. மூன்றாவது வரியில் போக்குவரத்து 10,000. சேமலாப நிதி முதல் வரிக்கு மட்டும் கணக்கிடப்படுகிறது: 6,000 ரூபாய். ஆனால் சட்டம் ‘சம்பாத்தியம்’ என்று சொல்வதில் வாழ்க்கைச் செலவுப் படி, விசேட படி, விடுமுறைச் சம்பளம், தரகு, உணவின் பெறுமதி எல்லாம் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. ஆகவே இரண்டாவது வரியையும் சேர்த்து 50,000 ரூபாய்க்கு 10,000 ரூபாய் கட்டியிருக்க வேண்டும்.

மாதம் 4,000 ரூபாய் வித்தியாசம். இதே சம்பளத்தில் 25 ஆண்டு வேலை செய்தால் வட்டியே இல்லாமல் 12 இலட்சம். நம்பிக்கை நிதியத்தில் மாதம் 600 வீதம் 1 இலட்சத்து 80 ஆயிரம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடையானால் பணிக்கொடையும் உண்டு. சேவை ஆண்டு ஒவ்வொன்றுக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அங்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் போகிறது. மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல். கையில் வரும் 60,000 ரூபாயில் எந்தக் குறையும் தெரியாததால் அந்த ஊழியரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். 8 வீதம் பிடிக்கும் தொகை குறைந்தால் வீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறார். வாடகையும் பிள்ளைகளின் டியூஷன் காசும் தலைக்கு மேல் நிற்கும்போது அப்படி நினைப்பதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் இதைத் தனி மனிதரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டம் காக்க வேண்டும்.

மலையகத்திலும் இதே போராட்டம்தான். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்று அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. இறுதியில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாக நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வரவுக்கான ஊக்குவிப்பாக அரசு 200 ரூபாய் சேர்க்கும் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு முறையும் மொத்தத் தொகையைப் பற்றியே பேரணி நடக்கிறது. அதில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்ற கேள்வியிலேயே அந்தத் தொழிலாளியின் முதுமை தங்கியிருக்கிறது.

3. பிடித்த பணமும் கட்டிய பணமும்

மாதச் சம்பளத்துக்குரிய பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் காலத்துக்கேற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் சட்டம் பொருந்தும். காகிதத்தில் இது கடுமையான சட்டம்.

நடைமுறை வேறு. தொழில் திணைக்களம் உறுப்பினரைப் பதிவு செய்து, முறைப்பாட்டை விசாரித்து, வழக்குத் தொடுக்கிறது. மத்திய வங்கி பணத்தை வாங்கி முதலிடுகிறது. தேசிய அடையாள அட்டை இலக்கம் பிழை, பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம், பழைய கடை மூடப்பட்டுவிட்டது, உறுப்பினர் அட்டையான பி காட் தொலைந்துவிட்டது என்று நாரஹேன்பிட்டியில் தொழில் செயலகத்தின் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வேலையை விட்டு விலகும் நாள் வரை தன் கணக்கில் பணம் விழுகிறதா என்று பாராத உறுப்பினர் ஏராளம்.

இதில் மிகவும் வேதனையான விடயம், அரசே நிலுவைக்காரராக நிற்பது. ஜனவசம என்று நாம் அழைக்கும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தங்கள் தொழிலாளரின் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவற்றை நீண்ட காலம் கட்டாமல் வைத்திருந்தது நாடறிந்த செய்தி. கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பெண்கள் தங்கள் பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் பலர் இன்று புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கிறார்கள். அரசு நிறுவனமே கட்டாதபோது, ஜம்பட்டா வீதியில் நான்கு பேரை வைத்துத் தொழில் நடத்துபவரிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

4. 2022 இல் கரைந்த சேமிப்பு

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். டிசம்பரில் அது 57.2 வீதம். சேமலாப நிதியம் அந்த ஆண்டுக்குக் கொடுத்த வட்டி 9 வீதம்.

2021 முடிவில் ஒருவரின் கணக்கில் 10 இலட்சம் இருந்தது என்று கொள்வோம். ஓராண்டில் அது 10 இலட்சத்து 90 ஆயிரம் ஆனது. அதே காலத்தில், 10 இலட்சத்துக்கு வாங்கக்கூடியதாயிருந்த பொருட்களின் விலை ஏறத்தாழ 15 இலட்சத்து 72 ஆயிரம் ஆனது. சேமிப்பின் பத்தில் மூன்று பங்கு பெறுமதி ஒரே ஆண்டில் கரைந்தது. 2023 இல் 13 வீதமும் 2024 இல் 11 வீதமும் வட்டி கிடைத்தன. விலைவாசியும் அடங்கியது. அப்படியிருந்தும் 2024 முடிவில் அந்தக் கணக்கு, பழைய வாங்கும் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கையே எட்டியது. 2022 இன் முடிவில் ஓய்வு பெற்றுப் பணத்தை எடுத்தவருக்கு இந்த மீட்சிகூடக் கிடைக்கவில்லை.

அந்தக் காயத்தின் மேல் 2023 இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. ஜூன் இறுதியில் வங்கிகளுக்கு நீண்ட விடுமுறை அறிவித்து, ஜூலை 1 ஆம் திகதி சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி, 122 க்கு 62 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். அரசின் கடன் பத்திரங்களான திறைசேரி முறிகளில் வங்கிகள் வைத்திருந்தவற்றைத் தொடவில்லை. வங்கிகள் ஆட்டம் கண்டால் வைப்பாளரின் பணமும் ஆபத்தில் விழும் என்றும், வங்கிகள் ஏற்கனவே கூடிய வரி கட்டுகின்றன என்றும் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முறிகளின் சுமை ஓய்வுகால நிதியங்களின் தலையில் மட்டும் இறங்கியது. பழைய முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளை ஏற்க வேண்டும், அல்லது முறிகளிலிருந்து வரும் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி கட்ட வேண்டும். சேமலாப நிதியம் மாற்றிக்கொண்டது. புதிய முறிகளுக்கு முதலில் 12 வீதமும் 2026 முதல் 9 வீதமும் வட்டி. அவை 2027 முதல் 2038 வரை முதிர்கின்றன.

உறுப்பினரின் கணக்கு மீதி குறையாது, 9 வீத வட்டிக்கு உத்தரவாதம் உண்டு என்று அரசு சொன்னது. மீதி குறையவில்லைதான். அந்த நிதியம் சம்பாதித்திருக்கக்கூடிய வட்டியே அங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று உறுப்பினரில் எவரையும் எவரும் கேட்கவில்லை.

5. பணம் யாருடையது, முடிவு யாருடையது

சேமலாப நிதியத்தின் பெறுமதி 4 டிரில்லியன் ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் 90 வீதத்துக்கு மேல் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன். அதாவது நாட்டின் மிகப் பெரிய கடன்தருநர்களில் கடைச் சிப்பந்தியும் தையல் தொழிலாளியும் கொழுந்து பறிப்பவரும் இருக்கிறார்கள்.

நீண்ட காலமாக ஒரே மத்திய வங்கி அரசுக்காகக் கடன் திரட்டும் முகவராகவும், கடன் கொடுக்கும் சேமலாப நிதியத்தின் காப்பாளராகவும் இருந்தது. அரசுக்குக் குறைந்த வட்டி வேண்டும், உறுப்பினருக்குக் கூடிய வட்டி வேண்டும். இரண்டுக்கும் ஒருவரே பொறுப்பாக இருந்தால் பலவீனமான பக்கம் தோற்கும். 2015 பெப்ரவரி 27 இன் முறி ஏலத்தையடுத்து எழுந்த விவகாரத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, நேரடியாக ஏலத்தில் வாங்கியிருக்கக்கூடிய முறிகளைச் சேமலாப நிதியம் பின்னர் சந்தையில் கூடிய விலைக்கு வாங்கியதால் ஏற்பட்ட நட்டத்தையும் பதிவு செய்தது. 2023 இன் மத்திய வங்கிச் சட்டமும் 2024 இன் பொதுக் கடன் முகாமைத்துவச் சட்டமும் கடன் திரட்டும் பொறுப்பைத் திறைசேரியின் பக்கம் நகர்த்துகின்றன. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் நிதியத்தின் பணத்தை முதலிடும் முடிவுகளில் உறுப்பினருக்கு இன்னும் ஆசனம் இல்லை.

மலேசியாவின் ஊழியர் சேமநிதி 1951 இல் தொடங்கியது. அதன் சபையில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார்கிறார்கள். இந்தியாவின் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் சபையிலும் தொழிற்சங்கங்களுக்கு இடமுண்டு. அங்கும் குறைகள் உள்ளன. ஆயினும் முடிவெடுக்கும் மேசையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்க முடிகிறது.

கேட்காமல் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2011 சாட்சி. தனியார் துறைக்கு ஓய்வூதியம் என்ற நல்ல நோக்கத்தை முன்வைத்த சட்டமூலம், தொழிலாளரோடு பேசாமல் அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. மே 30 ஆம் திகதி கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் எழுந்த ஆர்ப்பாட்டத்தின் மீது பொலிஸார் சுட்டார்கள். ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் மீளப் பெறப்பட்டது. தனியார் துறை ஓய்வூதியம் என்ற பேச்சே அதன்பின் நெடுங்காலம் ஒதுங்கிப்போனது.

6. வெளியே நிற்பவர்கள்

சேமலாப நிதியச் சட்டத்துக்குள் வராதவர்களில் வீட்டுப் பணியாளர் முக்கியமானவர்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளின் மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் சமைத்து, துவைத்து, முதியோரைத் தூக்கிப் பராமரிக்கும் பெண்கள் அவர்கள். பெரும்பாலும் மலையகத்துப் பெண்கள். முப்பது வருடம் ஒரே குடும்பத்துக்கு உழைத்த அக்காவுக்கு வயது போனபின் அந்தக் குடும்பத்தின் மனச்சாட்சி மட்டுமே பிடிமானம். நல்ல குடும்பங்கள் கைவிடுவதில்லை. ஆனால் உரிமையாகக் கேட்க வேண்டியதை ஒருவர் நன்றியோடு வாங்கும் நிலையில் விடுவது முறையல்ல.

இவர்களோடு முச்சக்கர வண்டி ஓட்டுநர், உணவுப் பொதி கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் இளைஞர், நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவர் எல்லோரும் சேர்வார்கள். நாட்டில் உழைப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி முறைசாராத் துறையில்தான் இருக்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களிலும் பெண்கள் பாதியில் வெளியேறுகிறார்கள். திருமணத்தைக் காரணமாகக் காட்டி வேலையை விட்டால் பெண் ஊழியர் பணத்தை எடுக்கலாம் என்பது சட்டம். ஆடைத் தொழிற்சாலையில் ஆறு, ஏழு வருடம் உழைத்த பெண்ணின் சேமிப்பு கல்யாணச் செலவில் முடிகிறது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்ற எடுக்கும் வயது 1958 இன் உலகத்துக்கு உரியது. 2021 இன் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. அறுபது வயதில் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் மகளின் வீட்டுக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ போய்விட்டால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மாத வருமானம் எங்கிருந்து வரும்?

சபையோரே, இவ்வளவும் சொன்னபின் செய்ய வேண்டியவையும் தெளிவாகின்றன. குறைந்தபட்ச வேதனத்தை அரசியல் மேடையின் தயவில் விடாமல் ஆண்டுதோறும் விலைச் சுட்டெண்ணோடு சேர்த்து மீளாய்வு செய்ய வேண்டும். மேலதிக நேரம், உண்மையான பயணச் செலவு தவிர்ந்த எல்லாப் படிகளுக்கும் பங்களிப்புக் கட்ட வேண்டும் என்பதை எவரும் வேறுவிதமாக வாசிக்க முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும். பங்களிப்பு விழுந்ததும் விழாததும் மாதாமாதம் குறுஞ்செய்தியாகத் தமிழிலும் சிங்களத்திலும் உறுப்பினரின் கைத்தொலைபேசிக்குப் போக வேண்டும். அரச பெருந்தோட்டங்களின் நிலுவையை அரசே முதலில் கட்டி முன்மாதிரி காட்ட வேண்டும். வீட்டுப் பணியாளரையும் செயலி வழி உழைப்பவரையும் சட்டத்துக்குள் எடுக்க வேண்டும். விரும்புகிறவர் தம் சேமிப்பின் ஒரு பகுதியை மாதாந்த ஓய்வூதியமாக மாற்றிக்கொள்ளும் வழியைத் தொழிற்சங்கங்களோடு பேசித் திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது சேமலாப நிதியத்தை நிர்வகிக்கும் சபையில் உறுப்பினருக்கான ஆசனம். 2023 இல் ஏற்க வைக்கப்பட்ட புதிய முறிகளில் முதலாவது 2027 இல் முதிர்கிறது. அந்தப் பணத்தை மீண்டும் அரசுக்கே கடனாகக் கொடுப்பதா, எந்த வட்டிக்குக் கொடுப்பது, ஒரு பங்கை வேறெங்காவது முதலிடுவதா என்று அப்போது தீர்மானிப்பார்கள். அதற்கடுத்த பதினோர் ஆண்டுகளில் இதே கேள்வி மீண்டும் மீண்டும் எழும். முதல் முறி முதிர்வதற்குள் சட்டத்தைத் திருத்தித் தொழிற்சங்கப் பிரதிநிதிகளை அந்தச் சபையில் உட்கார வைக்க வேண்டும் என்று உங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும், நீங்கள் சார்ந்த சங்கங்களிடமும், வர்த்தகப் பெருமக்களாக இங்கு வந்திருக்கும் முதலாளிமாரிடமும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்ளப்படுகிறது.